மாடலில் 300 டிகிரி, மண்ணுக்கடியில் ஃபீடர் ஓடிக்கொண்டிருக்கிறது: எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நாகர்கோவில் பக்கம் எம்.இ. படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 11 கிலோவோல்ட், மூன்று கோர், 300 சதுர மி.மீ. அலுமினிய எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைத்த பாலிஎதிலீன் காப்பு) கேபிள், ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தது. நடுவில் ஒரு ஜாயிண்ட், அதாவது இரண்டு கேபிள் துண்டுகளைச் சேர்த்த இடம். அதில் ஒரு கோரின் ஃபெரூல் (கம்பி முனைகளை உள்ளே விட்டு அமுக்கிச் சேர்க்கும் உலோகக் குழாய்) சரியாக அமுங்காமல் 500 மைக்ரோஓம் கூடுதல் மின்தடை இருப்பதாக வைத்துக்கொண்டார். 300 ஆம்பியர் ஓடவிட்டால் கணினி மாடல் அந்த இடத்தில் 300 டிகிரிக்கு மேல் காட்டுகிறது. அதை, சூடு ஏற ஏறச் சிதைவு எவ்வளவு வேகமாகும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டால் காப்பின் ஆயுள் மணிக்கணக்கில்தான் வருகிறது. ஆனால் இப்படிப்பட்ட ஜாயிண்டுகளோடு ஃபீடர்கள் (துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் வழித்தடங்கள்) மாதக்கணக்கில் ஓடியதாக ஜாயிண்டர்கள் சொல்கிறார்களே, தப்பு மென்பொருளிலா சமன்பாட்டிலா என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழுதான இடம் எவ்வளவு சூடாகும் என்பது ஒன்று. அந்தச் சூடு காப்பை எவ்வளவு வேகமாகக் கெடுக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இயற்பியல் உறுதியான பதில் தரும், நீங்கள் கொடுக்கும் உள்ளீடு சரியாக இருந்தால். இரண்டாவதற்கு யாரிடமும் அப்படி ஒரு பதில் இல்லை. நிறைய ஆய்வேடுகளில் இரண்டையும் ஒரே சங்கிலியாகக் கோத்து, முடிவில் 'மீதமுள்ள ஆயுள் இத்தனை ஆண்டு' என்று ஓர் எண்ணைத் தருகிறார்கள். கேபிள் சோதனையிலும் பழுது தேடுவதிலும் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணை வைத்து யாரும் கேபிளை மாற்றுவதும் இல்லை, விட்டுவைப்பதும் இல்லை.

முதலில் 300 டிகிரி. உங்கள் மென்பொருளில் பிழை இல்லை, படத்தில்தான் பிழை. 300 சதுர மி.மீ. அலுமினியக் கம்பிக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.1 ஓம், அதாவது மீட்டருக்கு 100 மைக்ரோஓம். ஆக, உங்கள் ஃபெரூல் 5 மீட்டர் கம்பியின் மின்தடையை ஒரு சாண் நீளத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது. 300 ஆம்பியரில் அங்கே பிறக்கும் வெப்பம் 45 வாட். சின்ன குண்டு பல்பு ஒன்றின் சூடு, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் வரைந்தது இரு பரிமாணக் குறுக்குவெட்டு. குறுக்குவெட்டு மாடலில் வரைந்ததெல்லாம் நீளவாக்கில் முடிவில்லாமல் நீளும். 15 செ.மீ. ஃபெரூலில் 45 வாட் என்பது மீட்டருக்கு 300 வாட் ஆகிவிடும், கேபிள் முழுக்க அப்படியே ஒரு ஃபெரூல் கிடப்பது போல. அப்புறம் 300 டிகிரி வராமல் என்ன வரும்?

நிஜத்தில் அந்த 45 வாட்டில் பெரும்பகுதி மண்ணுக்கு நேராகப் போவதில்லை. அலுமினியம் நல்ல வெப்பக்கடத்தி, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 237 வாட். சூடு கம்பி வழியே இரண்டு பக்கமும் ஓடி, போகிற வழியில் காப்பைத் தாண்டி மண்ணுக்கு இறங்கும். எஞ்சின் துடுப்புகளுக்குப் போடும் கணக்கையே இதற்கும் போடலாம். ஒரு கோரிலிருந்து மண்வரை உள்ள வெப்பத்தடையை ஒரு மீட்டர் நீளத்துக்கு, வாட்டுக்கு 0.75 முதல் 1 டிகிரி என்று எடுத்தால், சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் தூரம் பக்கத்துக்கு ஏறக்குறைய 25 செ.மீ. ஃபெரூலில் கூடும் வெப்பநிலை 70 முதல் 85 டிகிரி. நல்ல நிலையில் உள்ள கேபிள் அதே 300 ஆம்பியரில் ஈரமண்ணில் 58 டிகிரி அளவில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 130 முதல் 145. அதுவும் மோசம்தான், எக்ஸ்எல்பிஇக்குத் தொடர்ந்து தாங்கும் வரம்பு 90 டிகிரி. ஆனால் 300 எங்கே, 140 எங்கே! ஆகவே ஜாயிண்டை மட்டும் முப்பரிமாணத்திலோ, அச்சைச் சுற்றிய சமச்சீர் மாடலாகவோ வரையுங்கள். இரண்டு பக்கமும் குறைந்தது 2 மீட்டர் கம்பி இருக்கட்டும். பழுதில்லாத நீளத்துக்குக் குறுக்குவெட்டே போதும், கேபிள் தாங்கும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் பன்னாட்டுத் தரமான ஐஇசி 60287 தரும் விடையோடு ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் அதைச் சரிசெய்யாமல் ஜாயிண்டுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, 300 ஆம்பியர் நாள் முழுக்க ஓடாது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி மாறுவதால், விடிகாலையில் 150 ஆம்பியருக்கு இறங்கினால் அந்த 80 டிகிரி 20 ஆகிவிடும். ஃபெரூலும் அதை ஒட்டிய கேபிளும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுமையைப் பின்தொடர்ந்து சூடாகி ஆறும். மண்ணுக்கு அந்த அவசரம் கிடையாது. மண்ணின் வெப்பப் பரவல் எண் நொடிக்கு ஒரு சதுர மீட்டரில் கோடியில் 5 பங்கு என்று எடுத்தால், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சூடு ஊற ஏறக்குறைய 20 லட்சம் நொடி, கிட்டத்தட்ட 23 நாள் பிடிக்கும். ஊருக்குள் சாயங்கால உச்சச் சுமையைக் கேபிளுக்கு வெளியே உள்ள மண் உணர்வதே இல்லை, அன்றைய சராசரியைத்தான் உணரும். ஏறி இறங்கும் சுமைக்கான ஐஇசி 60853 இந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டது.

மண்ணின் வெப்பத் தடைத்திறனை (சூட்டைக் கடத்தாமல் தடுக்கும் அளவு, அலகு டிகிரி-மீட்டர்/வாட்) நீங்கள் 1.0 என்று ஓர் எண்ணாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்தியது, ஏனென்றால் நம் மாவட்டத்தில் மண் பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை மாறும். நாகர்கோவிலைச் சுற்றிய நஞ்சைக் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வெப்பத் தடைத்திறன் 1-க்குப் பக்கத்திலோ குறைவாகவோ இருக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்புறைக் கல்லும் செம்மண்ணும். அதில் துளைகள் அதிகம், மழைக்கும் கோடைக்கும் நிறைய வித்தியாசம் காட்டும். கடலோரமாக மணல், மணவாளக்குறிச்சி பக்கம் கனிமம் கலந்த கருமணல், தெற்கே தேரி எனப்படும் மேடுகளின் சிவப்பு மணல். மணல் தண்ணீரை நிறுத்தாது. காய்ந்த மணலின் தடைத்திறன் 2.5-ஐத் தாண்டிவிடும். இந்தியாவில் கேபிள் பட்டியல்கள் எடுத்துக்கொள்ளும் 1.5 இதெல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கையால் போட்டுப் பாருங்கள். கேபிளின் வெளிவிட்டம் 80 மி.மீ., ஆழம் 1 மீட்டர் என்றால் மண்ணின் வெப்பத்தடை, தடைத்திறனைப் போல 0.62 மடங்கு. மண் 30 டிகிரி என்று வைப்போம். தடைத்திறன் 1 என்றால் 300 ஆம்பியரில் கம்பி 58 டிகிரி. அதே கேபிள், அதே மின்னோட்டம், தடைத்திறன் 2.5 என்றால் 94 டிகிரி. ஜாயிண்டில் ஒரு பழுதும் இல்லாமலே வரம்பைத் தாண்டியாயிற்று. இதில் பின்னூட்டமும் இருக்கிறது. சூடேறினால் கம்பியின் மின்தடை கூடும், இழப்பு மீட்டருக்கு 32 வாட்டிலிருந்து 35 ஆகும். கேபிளின் மேல்தோல் 50, 60 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஒட்டியிருக்கும் மணலில் உள்ள ஈரம் விலகிப் போகத் தொடங்கும். காய்ந்த வளையம் ஒன்று உருவாகி, அது இன்னும் சூட்டைப் பிடித்து வைக்கும். மாடலில் தடைத்திறனை மாறிலியாக வைத்தால் இது தெரியாது. மண்ணை ஈரப்பகுதி, காய்ந்த பகுதி என்று இரண்டாகப் பிரித்து, எல்லையை வெப்பநிலையே தீர்மானிக்கும்படி வையுங்கள். பழுதான ஜாயிண்டைச் சுற்றி இந்த வளையம் முதலில் தோன்றும், அதனால் நான் மேலே சொன்ன 140 கடலோர மணலில் இன்னும் ஏறும்.

உங்கள் ஆய்வுக்கு உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் ஊர் ஃபீடரைவிட ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பாருங்கள். காற்றாலைக் கோபுரத்திலிருந்து பக்கத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் தாழ்வழுத்தக் கேபிள் மண்ணுக்குள்தான் போகிறது. 250 கிலோவாட் பழைய இயந்திரம் ஒன்று 400 வோல்ட்டில் முழு உற்பத்தி கொடுத்தால் 360 ஆம்பியர். காற்று சீசன் தென்மேற்குப் பருவமழையோடு வரும், ஆனால் மேற்கே மழை கொட்டும்போது கணவாய்க்குக் கிழக்கே பெரும்பாலும் வெறும் காற்றுதான். ஆக, மண் காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் கேபிளில் மின்னோட்டம் உச்சத்தில், அதுவும் நாள்கணக்கில் இடைவெளியில்லாமல். ஊர்ச் சுமைக்கு இரவு ஆறுதல் உண்டு, இதற்கு இல்லை. மண்ணின் 23 நாள் கணக்கு இங்கேதான் பல்லைக் காட்டும். கேபிளைத் தேர்ந்தெடுத்தவர் நாள் சராசரியை நம்பியிருந்தால் ஜூலையில் சிக்கல் வரும்.

சரி, ஃபெரூலுக்கு வருவோம். 500 மைக்ரோஓம் என்பது நிலையான எண் அல்ல. ஒழுங்காக அமுக்கிய ஃபெரூலின் மின்தடை அதே நீளக் கம்பியை ஒத்து, 15, 20 மைக்ரோஓம் அளவில் இருக்க வேண்டும். அலுமினியத்தில் ஆக்சைடு படலத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்காமல், பேஸ்ட் போடாமல், அளவு பொருந்தாத டையால் (அமுக்கும் அச்சு) அமுக்கினால் தொடக்கத்திலேயே 50 என்று நிற்கும். 50-ல் 300 ஆம்பியருக்கு நாலரை வாட், ஏழெட்டு டிகிரி. யாரும் கவனிக்க மாட்டார்கள். தினமும் சூடாகி ஆறி, அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நழுவிக்கொடுத்து, தொடும் பரப்பு குறைந்துகொண்டே போகும். மின்தடை முதலில் ஆமை போல ஏறி, கடைசியில் தலைதெறிக்க ஏறும். நீங்கள் எடுத்துக்கொண்ட 500 அந்தக் கடைசிக் கட்டம். மாதக்கணக்கில் ஓடியதாக ஜாயிண்டர் சொல்வதும் பொய்யில்லை, அந்த மாதங்களில் பெரும்பகுதி அது 100, 200-ல் இருந்திருக்கும். பழுதான ஜாயிண்டை வெட்டித் திறந்தால் பல சமயம் ஃபெரூலின் ஒரு முனை மட்டும் கருகியிருக்கும், மறுமுனை பளபளவென்று இருக்கும். ஆகவே ஒரே எண்ணுக்குப் பதில் 50, 100, 200, 500 என்று மாற்றி மாற்றி ஓட்டி, வளைவாக வரைந்து கொடுங்கள். அது ஒரு தனி வெப்பநிலையைவிட நூறு மடங்கு பயன்படும்.

இனி இரண்டாம் கேள்வி. அர்ரீனியஸ் சமன்பாடு வேதிவினையின் வேகம் பற்றியது, மின்காப்பின் ஆயுளுக்கு அதைப் பொருத்திக் காட்டியவர் டேக்கின், 1948-ல். எக்ஸ்எல்பிஇக்குச் செயலூக்க ஆற்றல் (சிதைவு வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) 1 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால் 90-லிருந்து 100 டிகிரி ஏறும்போது சிதைவு 2.4 மடங்கு வேகமாகும். 140-ல் 48 மடங்கு. அதே ஆற்றலை 1.3 என்று வைத்தால் 140-ல் 150 மடங்கு. 90 டிகிரியில் 30 ஆண்டு என்று தொடங்கினால் முதல் கணக்குக்கு ஏழரை மாதம், இரண்டாவதுக்கு இரண்டரை மாதம். இரண்டு எண்களும் நூல்களில் காணக்கூடிய வரம்புக்குள்தான். இதற்கு மேல் ஒரு சிக்கல்: எக்ஸ்எல்பிஇயின் படிகப் பகுதி 105, 110 டிகிரி வாக்கில் உருகிவிடும். குறுக்குப் பிணைப்பு இருப்பதால் ஓடிவிடாது, ஆனால் ரப்பர் போல மென்மையாகி, விரிந்து, மின்தாங்கு திறனும் குறையும். அந்த எல்லைக்கு மேலே நடத்திய முதுமைச் சோதனையின் நேர்கோட்டைக் கீழே இழுத்து 90-க்குக் கொண்டுவருவதும், 90-ன் கணக்கை மேலே 140-க்கு நீட்டுவதும் ஒரே மாதிரி சந்தேகத்துக்குரியவை. 300 டிகிரிக்கு நீட்டுவது கணக்கே இல்லை, அங்கே பொருளே வேறு.

அப்படியானால் அர்ரீனியஸைத் தூக்கி எறியலாமா? வேண்டாம். ஒப்பிடப் பயன்படுத்துங்கள். 'இந்த ஜாயிண்ட் களிமண்ணில் இருந்தால் ஒன்று, தேரி மணலில் இருந்தால் இத்தனை மடங்கு' என்று சொல்வது நியாயம், அதுவும் வெப்பநிலை 105-க்குக் கீழே இருக்கும்வரை. மின்புலத்தையும் வெப்பத்தையும் சேர்த்து ஆயுள் சொல்லும் சமன்பாடுகளும் உண்டு. சிமோனியுடையது ஒன்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமுவுடையது ஒன்று. இரண்டிலும் ஆய்வகச் சோதனையிலிருந்து எடுக்க வேண்டிய மாறிலிகள் இருக்கின்றன. உங்கள் கேபிளின் மாதிரித் துண்டுகளைச் சோதிக்காமல் வேறொருவரின் மாறிலிகளை எடுத்து ஒட்டினால் விடை வேறொருவரின் கேபிளுக்குத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காப்புப் பழுதுகளில் ஒரு பெரிய வகை சூட்டைக் காட்டவே காட்டாது. உங்கள் தலைப்பில் 'பகுதி மின்னிறக்கத்தால் கூடும் வெப்பம்' என்று ஓர் அத்தியாயம் திட்டமிட்டிருக்கிறீர்கள் (காப்பின் ஒரு சிறு பகுதியில் மட்டும் பொறி பறப்பதுதான் பகுதி மின்னிறக்கம்). கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 கிலோவோல்ட் கேபிளின் மின்தேக்கம் கிலோமீட்டருக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்றும், இழப்புக் கோணம் (காப்பு எவ்வளவு ஆற்றலை வெப்பமாக விரயம் செய்கிறது என்பதன் அளவு) 0.004 என்றும் வைத்தால், காப்புக்குள் பிறக்கும் வெப்பம் ஒரு கோருக்கு மீட்டருக்கு 0.015 வாட். காப்பு கெட்டு அது பத்து மடங்கானாலும் 0.15. பக்கத்திலேயே கம்பி 10 வாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த வெப்பமானியும் அதைப் பிரித்துக் காட்டாது. காப்புக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அங்கே மின்புலம் கூடும், தட்டையான குமிழியில் 2.3 மடங்குவரை. அதில் பொறி பறந்து குமிழியின் சுவரை அரித்து மரக்கிளை போலப் பாதை போடும். கடலோரத்தில் தோல் கிழிந்து ஈரம் உள்ளே போன கேபிளில் நீர்மரம் (ஈரத்தால் காப்புக்குள் கிளைவிடும் நுண்ணிய பாதை) வளரும், அது பொறிகூடப் பறக்கவிடாது. இவை இரண்டும் 40 டிகிரியிலேயே கேபிளை முடித்துவிடும். 400 கிலோவோல்ட் கேபிளில் காப்பிழப்பு பெரிய விஷயம், நம் 11 கிலோவோல்ட்டில் இல்லை. ஆகவே 'பழுதான கேபிள்' என்று பொதுவாக எழுதாமல், தொடுமுனை கெட்டது, காப்பு கெட்டது என்று தலைப்பிலேயே பிரித்துவிடுங்கள். வெப்ப மாடல் முதலாவதைத்தான் பிடிக்கும்.

பழுது வெடிக்கும் நொடியைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் மண்ணை மறந்துவிடலாம், சூடு வெளியே போக நேரமே இல்லை. 90-லிருந்து 250 டிகிரிவரை சூடேற அலுமினியத்துக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 94 ஆம்பியர் என்பது ஒரு நொடிக்கான மாறிலி, ஆக 300 சதுர மி.மீ. கம்பி ஒரு நொடிக்கு 28 கிலோஆம்பியர் தாங்கும். நம் 11 கிலோவோல்ட் ஃபீடர்களில் பழுது மின்னோட்டம் பொதுவாக அதற்கு நிறையக் கீழே, பிரேக்கரும் ஒரு நொடிக்குள் விழும். எனவே நல்ல நீளத்துக்கு ஆபத்தில்லை. கெட்டுப்போன ஃபெரூல் மட்டும் அதே கணத்தில் இன்னும் கெடும். வேறு எங்கோ ஜேசிபி தோண்டி ஷார்ட் ஆன மறுவாரம் சம்பந்தமில்லாத ஒரு ஜாயிண்ட் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒக்கிப் புயலில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்த 2017-க்கு அப்புறம் இந்த மாவட்டத்தில் புதைவடம் வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அதனால் உங்கள் வேலைக்கு வாசகர்கள் உண்டு, உள்ளீடுகளை மட்டும் அளந்து போடுங்கள். மண்ணின் தடைத்திறனை ஊசி முறையில் (சூடேறும் ஊசியை மண்ணில் செருகி) அளக்கலாம், கருவி ஒன்றும் பெரிய விலையில்லை, கல்லூரியிலேயே செய்துகொள்ளவும் முடியும். கேபிள் ஆழத்திலேயே அளக்க வேண்டும், மேல்மண்ணில் அல்ல. மார்ச்சில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை. ஃபெரூலுக்கு, நாலைந்து துண்டுக் கம்பிகளை வேண்டுமென்றே நன்றாகவும் அரைகுறையாகவும் அமுக்கி, மைக்ரோஓம் மீட்டரால் அளந்து, ஆய்வகத்தில் மின்னோட்டம் விட்டு வெப்ப இணைகளால் (தெர்மோகப்பிள்) பாருங்கள். முதலில் காற்றில், அப்புறம் மணல் நிரப்பிய பெட்டியில். உங்கள் முப்பரிமாண மாடல் அந்தப் பெட்டியின் வெப்பநிலையை 5 டிகிரிக்குள் சொன்னால் மண்ணுக்கடியில் சொல்வதையும் நம்பலாம். காப்பின் நிலைக்கு, ஓடிய கேபிள் கிடைத்தால் 0.1 ஹெர்ட்ஸ் தாழ் அதிர்வெண் மின்னழுத்தத்தில் இழப்புக் கோணமும் பகுதி மின்னிறக்கமும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மெக்கர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், மழைநாளில் முனைகளின் ஈரமே அதைக் கீழே இழுத்துவிடும். பழைய எக்ஸ்எல்பிஇயில் உயர் டிசி மின்னழுத்தம் ஏற்றிச் சோதிக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள், காப்புக்குள் மின்னூட்டம் தேங்கி, சோதனையில் தேறிய கேபிளே மறுபடி ஏசியில் சேர்த்த பிறகு வெடிக்கக்கூடும்.